ராத்திரியில் உச்சி மாடியிலிருந்து மாநகரத்தைப் பார்க்கப் போகிறீர்களா? எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் விமான டிக்கெட்டும் விசாவும் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. பர்கூர், காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பாலக்கோடு என்று சுற்று வட்டாரத்திலிருந்து வரும் பெற்றோர்தான் எனக்கு அதிகம். மகன் துபாயில் இருப்பான், மகள் சிங்கப்பூரில் இருப்பாள். ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்புவார்கள். டிக்கெட் வேலை முடிந்ததும், "அந்த உசரமான பில்டிங்குக்கு ராத்திரில கூட்டிட்டுப் போறேன்னு பையன் சொல்றான்" என்று பேச்சு தொடங்கும். பிறகு அதே சந்தேகங்கள்தான் வரிசையாக வரும்.

நான் துபாய் புர்ஜ் கலீஃபாவில் இரண்டு முறையும், கோலாலம்பூர் பெட்ரோனாஸ் கோபுரத்திலும் சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸிலும் ஒவ்வொரு முறையும் ஏறியிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை, கேட்டவர்களின் கேள்விகளோடு இங்கே எழுதி வைக்கிறேன். துபாய் பற்றித்தான் நிறையக் கேட்கிறார்கள், அதனால் பதிலிலும் துபாய்தான் அதிகம்.

அண்ணா, அது நம்ம மொட்டை மாடி மாதிரி திறந்தா இருக்கும்? பில்டிங்கோட உச்சிக்கே ஏத்தி விட்ருவாங்களா?

உச்சிக்கு இல்லை. புர்ஜ் கலீஃபாவின் மொத்த உயரம் 828 மீட்டர். பார்வையாளர்கள் போவது 124, 125-ஆம் மாடிகளுக்கு, தரையிலிருந்து சுமார் 452 மீட்டர். அதிகக் காசு கொடுத்தால் 148-ஆம் மாடி, 555 மீட்டர். அதற்கு மேலே இருப்பதெல்லாம் நமக்கு இல்லை. பெட்ரோனாஸில் 88 மாடி, நம்மை விடுவது 86-க்கு. அதற்கு முன்னால் 41-ஆம் மாடியில் இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் பாலத்திலும் நிறுத்திக் காட்டுவார்கள்.

பெரும்பாலான இடங்களில் நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட ஹால்தான். புர்ஜ் கலீஃபாவின் 124-இல் வெளித் தாழ்வாரமும் உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் கண்ணாடித் தடுப்பு இருக்கும், ஆனால் காற்று மேலே படும். மரினா பே சாண்ட்ஸ் 57-ஆம் மாடிதான், சுமார் 200 மீட்டர், ஆனால் வானம் பார்த்த தளம். மொட்டை மாடி என்று நீங்கள் நினைப்பதற்கு அதுதான் கிட்ட வரும்.

எத்தனை மணிக்கு டிக்கெட் போடறது சார்? ராத்திரின்னா ஒரு எட்டு மணி, ஒன்பது மணிக்குப் போட்டுடலாமா?

இந்த ஒரு பதிலை மட்டும் படித்தாலும் போதும். முழு இருட்டில் ஏறாதீர்கள். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேலே நில்லுங்கள், இருட்டின பிறகு இறங்குங்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஊரைப் பார்த்து வைத்துக்கொண்டால்தான் இருட்டில் எந்த விளக்கு எது என்று புரியும். கடல் எந்தப் பக்கம், பெரிய ரோடு எது, நீங்கள் தங்கியிருக்கும் இடம் எந்தத் திசை என்று அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். நேராக ஒன்பது மணிக்குப் போனவர்கள் என்னிடம் வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எல்லாம் ஒரே மாதிரி லைட்டு" என்றார்கள். ஆறு மணிக்கு ஏறியவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சூரியன் விழுந்து இருபது நிமிஷம் கழித்து வானம் முழுக் கறுப்பு ஆகியிருக்காது, அடர்ந்த நீலமாக இருக்கும். கீழே விளக்குகள் எரிந்துவிட்டிருக்கும். கட்டடங்களின் உருவமும் தெரியும், விளக்கும் தெரியும். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இந்த ஏற்பாடெல்லாம். துபாயில் டிசம்பரில் ஐந்தரை மணிவாக்கில் சூரியன் மறையும், ஜூனில் ஏழைத் தாண்டும். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான். சாயங்கால நேரத்துச் சீட்டுக்கு விலை கூடுதல், சீக்கிரம் தீர்ந்தும் போகும், அதனால் நாள் முடிவானதும் போட்டுவிடுங்கள். சீட்டில் இருப்பது உள்ளே நுழையும் நேரம். சோதனை, வரிசை, லிஃப்ட் எல்லாம் தாண்டி மேலே போக இன்னும் நேரம் பிடிக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மேல போனா எவ்ளோ நேரம் விடுவாங்க? திருப்பதி மாதிரி ஜருகண்டியா?

புர்ஜ் கலீஃபாவில் நான் போன இரண்டு முறையும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. இரண்டாவது முறை இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். பெட்ரோனாஸ் வேறு மாதிரி. குழுவாகக் கூட்டிப் போய், நேரம் ஆனதும் குழுவாகவே இறக்கிவிடுவார்கள். அங்கே சாயங்காலம் ஏறி இருட்டும்வரை நிற்க முடியாது, அதனால் இருட்டத் தொடங்கும் நேரத்துக்கே சீட்டுப் போடுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், அன்றைக்கு விடுமுறை.

அம்மாவுக்கு 68 வயசு. லிஃப்ட்ல காது அடைச்சு மயக்கம் வரும்னு யாரோ சொல்லிட்டாங்க, பயப்படறாங்க.

காது அடைக்கும், உண்மைதான். ஏற்காடு மலை ஏறும்போது அடைக்கிற அதே அடைப்பு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் வருவது. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏறுகிறோம், ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இங்கே 450 மீட்டரை ஒரே நிமிஷத்தில் ஏறிவிடுகிறது, வினாடிக்கு 10 மீட்டர் வேகம். எச்சிலை விழுங்கினால் திறந்துகொள்ளும். லிஃப்டில் ஏறும் முன் எல்லார் வாயிலும் ஒரு ஆரஞ்சு மிட்டாய் போட்டுவிடுங்கள்.

லிஃப்ட் நகர்வதே தெரியாது என்பது பெரியவர்களுக்கு நிம்மதி. என் அம்மா, "எப்பப்பா கிளம்பும்?" என்று கேட்டபோது கதவு திறந்து மேலே வந்திருந்தோம். உயரம் பார்த்தால் தலை சுற்றும் என்பவர்கள் முதல் பத்து நிமிஷம் கண்ணாடியை விட்டு நாலடி தள்ளி, சுவரோரம் நின்று தூரத்தைப் பார்க்கட்டும், நேர் கீழே பார்க்க வேண்டாம். பழகின பிறகு அவர்களே கண்ணாடிகிட்டப் போவார்கள். இதய நோய், பிரஷர் இருப்பவர்கள் பயணத்துக்கு எப்படியும் டாக்டரைப் பார்ப்பீர்கள், அப்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.

காத்து அடிச்சா பில்டிங் ஆடுமாமே?

ஆடும், உயரமான எல்லாக் கட்டடமும் கொஞ்சம் அசையும்படிதான் கட்டுகிறார்கள். விறைத்து நின்றால்தான் ஆபத்து, தென்னை மரம் புயலில் வளைந்து கொடுக்கிற மாதிரி. புர்ஜ் கலீஃபா மூன்று இதழ் போல விரிந்து, மேலே போகப் போகப் படிப்படியாகக் குறுகுகிறதே, அது அழகுக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு உயரத்திலும் வடிவம் மாறுவதால் காற்று ஒரே தாளத்தில் தள்ள முடியாமல் சிதறிப் போகிறது. தைவானில் 508 மீட்டர் உயர தைப்பே 101 கட்டடத்துக்குள் 660 டன் எடையுள்ள இரும்புக் குண்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டடம் ஒரு பக்கம் சாய்ந்தால் குண்டு எதிர்ப் பக்கம் இழுத்து ஆட்டத்தைக் குறைக்கும். அதைப் பார்வையாளர்களுக்கும் காட்டுகிறார்கள். நான் நின்ற மூன்று இடங்களிலும் எந்த அசைவும் எனக்குத் தெரியவில்லை.

அங்க இருந்து எவ்வளவு தூரம் தெரியும்? ஷார்ஜா தெரியுமா? கடலுக்கு அந்தப் பக்கம் ஈரான் தெரியும்னு ஒருத்தர் சொன்னார்.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 452 மீட்டருக்கு சுமார் 76 கிலோமீட்டர். 200 மீட்டர் உயர மரினா பே சாண்ட்ஸுக்கு 50. கடற்கரையில் நிற்கும் ஆளுக்கு நாலரைதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கிருஷ்ணகிரியில் அப்படி ஒரு மாடி இருந்து நடுவில் மலையும் இல்லாமல் இருந்தால், ஒரு பக்கம் ஓசூரும் இன்னொரு பக்கம் தர்மபுரியும் தாண்டித் தெரியும்.

ஷார்ஜா தாராளமாகத் தெரியும். துபாய் எங்கே முடிந்து ஷார்ஜா எங்கே தொடங்குகிறது என்று விளக்கை வைத்துப் பிரிக்க முடியாது, ஒரே ஓட்டமாகப் போகும். ஈரான் தெரியாது, அது அடிவானத்துக்கு அப்பால். அந்த 76 கிலோமீட்டரும் காற்று சுத்தமாக இருந்தால்தான். துபாயில் கோடையில் தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து பால் கலக்கின மாதிரி ஆகிவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை போவது நல்லது. அப்போது மேலே காற்று சிலுசிலுவென்று அடிக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்னாத்த தெரியப் போகுது ராத்திரில, வெறும் லைட்டுதானே தம்பி? அதுக்குப் போய் இவ்ளோ காசா?

இதைக் கேட்காத பெரியவர் இல்லை. கேட்கவும் வேண்டிய கேள்விதான், ஏனென்றால் அந்தக் காசு மகன் உழைத்த காசு. விளக்கை விளக்காகப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் சலித்துவிடும். படிக்கத் தெரிந்தால் இரண்டு மணி நேரமும் போதாது.

முதலில் ரோட்டைப் பிடியுங்கள். ஷேக் சாயித் ரோடு புர்ஜ் கலீஃபாவை ஒட்டியே போகிறது, பட்டையாக, பன்னிரண்டு வரிசைக்கும் குறையாமல். அதில் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு. நம்மை நோக்கி வரும் வண்டிகளின் முன்விளக்கு வெள்ளை, நம்மை விட்டுப் போகும் வண்டிகளின் பின்விளக்கு சிவப்பு. இப்போது தொப்பூர் கணவாயை ராத்திரியில் நினைத்துப் பாருங்கள். அங்கே எதிரில் வரும் வெள்ளை நமக்கு வலப்பக்கம் இருக்கும், போகிற சிவப்பு இடப்பக்கம். துபாயில் இது அப்படியே மாறிக் கிடக்கும், வெள்ளை இடப்பக்கம், சிவப்பு வலப்பக்கம். அந்த நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம் போகின்றன என்பதை 452 மீட்டர் உயரத்திலிருந்து நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மைப் போலவே. இதை ஒரு காவேரிப்பட்டணம் லாரி டிரைவரிடம் போகும் முன் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து, மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார்.

அடுத்து நிறம். மஞ்சளாக எரிவது பழைய சோடியம் விளக்கு, வெள்ளையாக எரிவது புதிய எல்இடி. ஒரு பகுதி பழையதா, புதிதாக வளர்ந்ததா என்று பெரும்பாலும் அதிலேயே ஊகிக்கலாம். கட்டட உச்சிகளில் விட்டு விட்டு மின்னும் சிவப்பு, விமானங்களுக்கான எச்சரிக்கை. துபாய் விமான நிலையம் இருக்கும் பக்கம் பார்த்தால் இறங்க வரும் விமானங்கள் மணி கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வானத்தில் தொங்கும். நாம் வந்து இறங்கிய விமானமும் இப்படித்தான் வரிசையில் நின்றிருக்கும்.

அப்புறம் இருட்டைப் பாருங்கள். விளக்கு இல்லாத இடங்கள்தான் ஊரின் வடிவத்தைச் சொல்லும். நம் கே.ஆர்.பி. அணை ராத்திரியில் கறுப்பாகக் கிடக்கிற மாதிரி, துபாயில் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாக வெட்டி நிற்பது கடல். இன்னொரு பக்கம் விளக்குகள் மெலிந்து மெலிந்து இல்லாமல் போவது பாலைவனம். ஒரு மாநகரம் இந்த இரண்டு இருட்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது என்பது பகலில் இவ்வளவு தெளிவாகப் புரியாது. சிங்கப்பூரில் கடல்கூட இருட்டாக இருக்காது. நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களின் விளக்கு கரையிலிருந்து அடிவானம்வரை பரவி, அங்கேயும் ஒரு ஊர் இருக்கிறதோ என்று நினைக்க வைக்கும்.

கீழ சூரியன் மறைஞ்ச பிறகும் மேல தெரியுமாமே, நிஜமா?

நிஜம். உயரத்தில் நிற்பவருக்கு அடிவானம் தள்ளிப் போகிறது என்று முன்பே சொன்னேன் அல்லவா, அதனால் சூரியன் மறைவதும் தள்ளிப் போகும். சில நிமிஷங்கள்தான். ஆனால் நோன்பு திறப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். 2011-இல் ரமலான் சமயம் துபாய் மார்க்க அறிஞர்கள் இதற்கென்றே ஒரு வழி சொன்னார்கள். புர்ஜ் கலீஃபாவில் 80-ஆம் மாடிக்கு மேலே இருப்பவர்கள் இரண்டு நிமிஷமும், 150-க்கு மேலே இருப்பவர்கள் மூன்று நிமிஷமும் கூடுதலாகக் காத்திருந்து நோன்பு திறக்க வேண்டும் என்று. கீழே தெருவிளக்கு எரியத் தொடங்கிவிட்டிருக்க, உங்கள் முகத்தில் மட்டும் வெயில் விழும். அதை அனுபவிக்க மேற்குப் பக்கக் கண்ணாடியை முன்னாலேயே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் அங்கேதான் சேரும்.

போன்ல எடுத்தா கண்ணாடில எங்க மூஞ்சிதான் விழுது. உங்க போட்டோ மட்டும் எப்படி அண்ணா தெளிவா இருக்கு?

முதல் முறை எனக்கும் அப்படித்தான். நாற்பது படம் எடுத்தேன், எல்லாவற்றிலும் என் சட்டையும் பின்னால் நிற்பவர்களும். காரணம் எளிது. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு, அதனால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. போன் லென்ஸைத் துடைத்து, கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், இடைவெளியே இருக்கக் கூடாது. சுற்றி ஒரு கறுப்புத் துப்பட்டாவையோ கோட்டையோ கூடாரம் மாதிரி பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபிளாஷை நிறுத்துங்கள், அது ஊருக்குப் போய்ச் சேராது, கண்ணாடியில் பட்டு உங்கள் கண்ணுக்குத்தான் திரும்பும். இரவுப் படத்துக்கான வசதி போனில் இருந்தால் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்து மூன்று வினாடி அசையாமல் இருங்கள். மூன்று கால் ஸ்டாண்டு அனுமதி இல்லை. புர்ஜ் கலீஃபாவில் நான் சொன்ன வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டால் கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும், அதன் வழியாக எடுக்கலாம். போனை மட்டும் கெட்டியாகப் பிடியுங்கள்.

148-க்கே போயிடலாமா? உசரம் கூடினா இன்னும் நல்லா தெரியும்ல?

வேண்டாம் என்பேன். மேலே சொன்ன கணக்கையே போடுங்கள். 452 மீட்டரில் 76 கிலோமீட்டர், 555 மீட்டரில் 84. எட்டு கிலோமீட்டர்தான் கூடுகிறது, அதுவும் தூசிக்குள் இருக்கும் எட்டு கிலோமீட்டர். கூட்டம் குறைவு, உட்கார வசதி உண்டு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பார்ப்பதற்காக என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

உயரம் கூடக் கூட மனுஷ நடமாட்டம் மறைந்துபோகும். துபாய் நீரூற்று 150 மீட்டர்வரை பீய்ச்சும், கீழே நின்று பார்த்தால் வாய் பிளந்து நிற்போம். 124-இலிருந்து பார்த்தால் கோலப்பொடியைச் சுண்டிவிட்ட மாதிரி சத்தமில்லாமல் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அதனால் நீரூற்றைக் கீழே இறங்கி வந்து ஏரிக்கரையில் நின்று பாருங்கள், அதற்குச் சீட்டு வேண்டாம். இன்னொரு யோசனையும் சொல்கிறேன். 2018-இல் திறந்த துபாய் ஃபிரேம் 150 மீட்டர்தான். ஒரு பக்கம் தேரா என்கிற பழைய துபாய், இன்னொரு பக்கம் புதிய துபாய். அந்த உயரத்தில் தெருவும் கடையும் ஆளும் தெரியும். குழந்தைகள் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

அவ்ளோ உசரத்துல நட்சத்திரம் கிட்டத்துல தெரியுமா மாமா?

பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். தெரியாது கண்ணு, நம் ஊரில் தெரிவதில் பாதிகூடத் தெரியாது. ஊர் வெளிச்சம் மேலே தூசியில் பட்டு வானத்தையே வெளுக்க வைத்துவிடும். நட்சத்திரம் வேண்டுமானால் அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்துக் களத்துமேட்டில் படுத்துக்கொள். நம் பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூரில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை 1986-இல் நிறுவியிருக்கிறார்களே, அங்கே இடம் தேர்ந்தெடுத்ததற்கு அந்த இருட்டும் ஒரு காரணம்.

வெளிநாடு போற வசதியெல்லாம் இல்லீங்க. இங்க பக்கத்துல இப்படிப் பாக்க எதாவது இருக்கா?

இருக்கிறது. ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் சாயங்காலம் போய் உட்காருங்கள். சேலம் முழுக்க விளக்கு விளக்காக ஏறுவதைப் பார்க்கலாம், உயரமோ புர்ஜ் கலீஃபாவைவிட அதிகம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் மலையிலிருந்தும் அந்தி நேரத்தில் ஊர் அழகாகத் தெரியும், கோயில் மூடும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன், முதலில் இங்கே ஒரு முறை விளக்குகளைப் படித்துப் பழகிவிட்டுப் போங்கள். ஆனால் மலைப்பாதையில் இருட்டின பிறகு வண்டி ஓட்டிப் பழக்கம் இல்லாதவர்கள் போக வேண்டாம். காட்டுப் பக்கம் யானை நடமாட்டமும் உண்டு.

என் பையன் வேலை செய்யற இடம் அங்க இருந்து தெரியுமாப்பா?

தாய்மார்கள் கடைசியில், எழுந்து போகும்போது கேட்பது இது. தெரியும் அம்மா, கொஞ்சம் ஏற்பாடு செய்தால். கிளம்பும் முன் பையனிடம் அவன் இடம் புர்ஜ் கலீஃபாவிலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர், பக்கத்தில் என்ன பெரிய அடையாளம் என்று கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மேலே போனதும் வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடத்தைப் பிடித்துவிடுங்கள். ஜெபல் அலி என்றால் ஷேக் சாயித் ரோட்டின் விளக்கையே பிடித்துக்கொண்டு தென்மேற்கே போய்க்கொண்டே இருங்கள். தூரம் அதிகம், வானம் தெளிவாக இருந்தால்தான் தெரியும்.

என் தம்பி அல் கூஸில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். இரண்டாவது முறை நான் அம்மாவைக் கூட்டிப் போனபோது அவனுக்கு ராத்திரி ஷிஃப்ட், வர முடியவில்லை. கடலை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றால், பெரிய ரோட்டுக்கு இடப்பக்கம் தாழ்வான கட்டடங்களாக ஒரு மஞ்சள் பரப்பு. அதுதான் அல் கூஸ் என்று காட்டினேன். அம்மா தம்பிக்கு போன் போட்டு, "வெளியே வந்து நில்லுடா" என்றார். அவன் வந்து நின்று போன் டார்ச்சை அடித்து ஆட்டினான். அது அவ்வளவு தூரத்துக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "தெரியுது, தெரியுது, சாப்பிட்டியா?" என்று கேட்டார். அவர் நெற்றி பட்ட இடத்தில் கண்ணாடியில் விபூதி ஒட்டியிருந்தது. அந்த மஞ்சள் பரப்பைவிட்டு அவர் வேறெங்கும் பார்க்கவில்லை, இறங்கும்வரை.